ஆறின வண்டி

சலவைக்கடைக்காரரின் மனைவியை அந்தத் தெருவே வேன்காரம்மா என்றுதான் கூப்பிடும். துணி தேய்க்கும் மேசையில் வருஷக்கணக்காக ஆவியில் வெந்தவள். ஒரு நாள் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, சாவியை எடுத்துக்கொண்டு பழைய வேனில் ஏறினாள். அதன் பிறகு இறங்கவே இல்லை. விடுதி விடுதியாக வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போடுவது அவள் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மேடு ஏறினால் போதும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார். முள் மட்டும் மாறவில்லை.

"வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றாரு. எடைக்குப் போட்டுடலாம். மேசைக்கும் ஆள் வேணும், நீ பழையபடி வந்துடு" என்றார் கணவர்.

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு விஷயம் வேறு உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் குறைகிறது, தரையிலோ ஒரு சொட்டு ஈரமில்லை. வண்டி நன்றாக ஓடிய பிறகும் சைலன்சரில் வெள்ளையாக வருகிறது. எல்லாரும் அதைப் புகை என்றார்கள். ஆவிக்கும் புகைக்கும் வித்தியாசம் அவளுக்கா தெரியாது? கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தேய்க்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமலே வேனைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தெருவே வாயைப் பிளந்தது.

"என்னம்மா, ஸ்டார்ட்டும் ஆகலையா?" என்றார் மெக்கானிக்.

"ஆகும்ணே. கொதிச்சுப் போயிதான் இத உங்ககிட்ட எப்பவும் கொண்டு வந்திருக்கேன். இன்னிக்கு ஆறின வண்டியப் பாருங்க. ரேடியேட்டர் மூடியத் திறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உறுமியதுதான் தாமதம், ரேடியேட்டர் வாயில் குபுகுபுவென்று குமிழிகள். தண்ணீரோ இன்னும் சில்லென்றே இருந்தது. கொதிக்காத தண்ணீரில் குமிழி எப்படி வரும்? மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஹெட் கேஸ்கெட்டும்மா! எஞ்சினுக்கும் அது தலைக்கும் நடுவுல இருக்கிற தகடு. அது எரிஞ்சு ஓட்டையாயிருக்கு. காத்து தண்ணிக்குள்ள வருது, தண்ணி உள்ள போய் ஆவியாப் பறக்குது. நான் ஊரையெல்லாம் சுத்திட்டு வாசலுக்கு வராம விட்டிருக்கேன்!"

மதியம் தகடு வெளியே வந்தது. ஓரிடத்தில் கன்னங்கரேலென்று அரித்துப் போயிருந்தது. கணவரும் இரும்புக்காரரும் தேடிக்கொண்டு வந்தபோது, அதை இரும்புக்காரர் கையில் வைத்தாள்.

"எடைக்கு இதுதாங்க இருக்கு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பட்டறை அதிர்ந்தது.

ஹெட்டை மட்டப்படுத்தி, புதுக் கேஸ்கெட் போட்டு, விரிப்பு மூட்டைகளோடு மேடு ஏறிய அன்று கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே முறைத்துக்கொண்டு வந்தார். அது நடுவிலேயே நின்றது. உச்சி வந்தும் அசையவில்லை.

"ஏறவே இல்லியே!" என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேவையே இல்லாமல் ஹார்னை ஓங்கி அடித்தாள்.

"முள்ள நான் பார்த்துக்கறேன். மேசைக்குத்தான் ஆள் வேணும்னீங்களே, நீங்க போய் நில்லுங்க."