பங்கர் வாசலில் சப்பாத்து

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வயதான வெள்ளைக்கார மிஷனரித் தம்பதி குடிவந்தார்கள். முதல் நாளே காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் ஏறிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, எங்கடை ஆக்கள் மாட்டுக்கொட்டிலுக்குள்ளையும் சப்பாத்தோடை போகமாட்டினம்" என்று அளந்துவிட்டேன். இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஒரு காலை ஹெலி தாழப் பறந்து சுடத் தொடங்கியது. முற்றத்தில் பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் முதலில் குதித்தவன் நான்தான், பிறகு என் மனைவி. நிமிர்ந்து பார்த்தால், ஓடிவந்த ஐயா வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். அவர் விழாதபடி அவருடைய மனைவி, அந்த வெள்ளைக்கார அம்மா, தோளைப் பிடித்திருக்கிறார். வேலியோரத் தென்னையில் துப்பாக்கிச் சன்னங்கள் பட்டு மட்டைகள் விழுந்தன.

"ஐயா, அதை விட்டிட்டு இறங்குங்கோ!"

"ஒரு நிமிடம், தம்பி. இதுவும் உங்கள் வீடுதானே."

நாடா சிக்கிக்கொண்டது. அவரை விட்டுவிட்டு அம்மா இறங்கவில்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஏறிப்போய் இருவரையும் உள்ளே இழுத்தவள் என் மனைவிதான்.

மூச்சு வாங்கியபடி, ஒற்றைக் காலில் கிடந்த சப்பாத்துக்காக ஐயா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மனைவி என் காலைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, மாட்டுக்கொட்டில் சட்டம் உங்களுக்கில்லையோ?"

என் இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன.

இப்போதும் யாருக்காவது எங்கள் வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தால், முதலில் குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.