எட்டு விளக்கும் எரிந்த பிறகு

யுத்தம் நடந்த 2008ஆம் ஆண்டு அருந்ததிக்கு முப்பத்தொரு வயது. பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். பம்பலப்பிட்டியில் நாகேந்திரம் நடத்திய சிறிய நிறுவனத்தில் கணினிகளுக்குக் கேபிள் இழுப்பது அவள் வேலை. நாகேந்திரம் எழுதிக் கொடுத்த வேலைக் கடிதம் எப்போதும் கைப்பையில் இருக்கும். கொழும்பில் என்ன செய்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்ட அவளிடம் வேறொன்றும் இல்லை.

அந்த ஆவணியில், காலி வீதியில் புதிதாகத் திறக்கவிருந்த ஸ்கான் நிலையமொன்றில் இருபத்துநான்கு இணைப்புகள் போட்டார்கள். கீழ்த் தளத்தில் எடுக்கும் படம் மூன்றாம் மாடியிலிருக்கும் டொக்டருக்கு நொடிகளில் போய்ச் சேரவேண்டும். திங்கட்கிழமை திறப்பு. வியாழன் மாலை அருந்ததி கேபிளைச் சோதிக்கும் சின்ன ரெஸ்ரரைச் செருகிப் பார்த்தாள். எல்லா இணைப்பிலும் எட்டுக் கம்பிகளுக்குமான எட்டு விளக்குகளும் எரிந்தன. ஆனால் கணினியை அதில் பூட்டியதும் ஆயிரம் மெகாபிற்றில் ஓடவேண்டிய வேகம் நூறுக்கு இறங்கியது. இடைக்கிடை இணைப்பே அறுந்தது.

வேகத்தையும் அளக்கும் பெரிய ரெஸ்ரர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட்டிடம் இருந்தது. அவரும் இதே தொழில்தான். வெள்ளி காலை போய் இரவல் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் மஞ்சள் பெட்டியைத் திறந்தான். உள்ளே திரை, பொத்தான்கள், வயர்கள்.

"மே மொகக்த?" இது என்ன என்று அதட்டினான்.

அவள் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். கடிதத்தையும் காட்டினாள். அவன் கேட்கவில்லை. பொலிஸ் நிலையத்து வாங்கில் நாலு மணித்தியாலம் இருத்திவிட்டார்கள். அவளால் இருக்க முடியவில்லை. எழும்புவாள், இரு என்பார்கள், இருப்பாள். நாகேந்திரத்துக்குப் போன் எடுத்தபோது, "நான் அங்கை வந்தா என்னையும் பிடிச்சு வைப்பாங்கள் பிள்ளை," என்று வைத்துவிட்டார். அடுத்து ஒஸ்வால்ட்டுக்கு எடுத்தாள்.

வந்தது ஒஸ்வால்ட். ரெஸ்ரர் வாங்கிய பில்லோடு மோட்டார் சைக்கிளில் வந்து, பொறுப்பதிகாரியோடு சிங்களத்தில் கதைத்து, ஒப்பமிட்டு அவளை வெளியே எடுத்தார்.

"வீட்டுக்குப் போறியா?"

"இல்லை அண்ணை. ரெஸ்ற் பண்ணோணும். திங்கள் திறக்கினம்."

பின்னேரம் அளந்தாள். இருபத்துநான்கில் பத்தொன்பது தோல்வி. ஒரு துண்டை வெட்டி, செம்பு நிறக் கம்பியைக் கத்தியால் சுரண்டினாள். உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்.

அங்கே வந்த நாகேந்திரம் பார்த்துவிட்டு, "பெட்டியிலை செம்பு எண்டுதானே போட்டிருக்கு? எட்டு லைற்றும் எரியுது. சரியெண்டு எழுதி ஒப்பம் வை," என்றார்.

"லைற் எரிஞ்சா கம்பி அறுந்துபோகேல்லை எண்டுதான் அர்த்தம். வேகத்தைத் தாங்குமோ எண்டு அது சொல்லாது."

"உனக்குக் கடிதம் தந்தது ஆர்?"

அவள் மாடிப்படிகளில் இரண்டு தரம் ஏறி இறங்கினாள். பிறகு நிலையத்தின் மனேஜர் பேர்ணடெற்றின் மேசையில், தோற்ற பத்தொன்பது இணைப்புகளின் இலக்கங்களையும் எழுதி வைத்து, அந்தக் கம்பியையும் பக்கத்தில் வைத்தாள்.

பேர்ணடெற் நாகேந்திரத்தைக் கூப்பிட்டார். "இதோட நான் வேலையைப் பொறுப்பெடுக்க மாட்டன். மாத்துங்க."

சனிக்கிழமை புறக்கோட்டையில் கேபிள் விற்கும் ஸமீமின் கடையில் பழைய வகையும் செம்புமாக இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தார்கள். "பாக்க ஒண்டு மாதிரித்தான் தங்கச்சி. தூக்கிப் பாருங்க," என்றார் ஸமீம். செம்புக் கம்பியின் பெட்டி பாரத்தில் கையை இழுத்தது. அவள் அதையும் நம்பாமல், நுனியை உரித்துச் சுரண்டினாள். எவ்வளவு சுரண்டியும் சிவப்பு. அதன் பிறகும் வான் வண்டியில் போகும்போது இன்னொரு தரம் சுரண்டினாள்.

பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி, கூரைக்குள்ளால் ஒவ்வொன்றாக இழுத்தார்கள். நுனிகளைப் பூட்டும்போது கம்பிச் சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க அவள் எவரையும் விடவில்லை. ஞாயிறு மூன்று மணிக்குள் இருபத்துநான்கும் தேறின. எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்க இருந்தார்கள். அவள் முதலாம் இலக்கத்திலிருந்து திரும்ப அளக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை நிலையம் திறந்தது. முதல் படம் மூன்றாம் மாடியில் உடனே விரிந்ததாகப் பேர்ணடெற் போனில் சொன்னார். மாத முடிவில் நாகேந்திரம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அவருடைய கடிதம் இனிச் செல்லாது; ஒன்பது நாள் அவள் லொட்ஜைவிட்டு வெளியே போகவில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் யன்னலுக்கு வருவாள். பத்தாம் நாள் ஒஸ்வால்ட் வந்தார். "என்னோட வேலைக்கு வாரியா? என்ட தங்கச்சி மெற்றில்டா வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு."

"எப்ப தொடங்கோணும்?"

"நாளைக்கு. புதுக்கடையில, கோர்ட்டுக்குப் பக்கத்தில, ஒரு லோயர்ட ஒபீஸ்."

அவர் படியிறங்கி முடிவதற்குள் அவள் உடுப்புகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.