சோடா போடாத மாவு

எங்கள் இட்லி மாவுப் பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது "சோடா இல்லை" என்பதுதான். ஊரப்பாக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் மாவு விற்கிறார்கள். ஜனங்கள் எங்களைத் தேடி வருவது அதற்காகத்தான். அப்படிப் போடச் சொன்னவள் என் மனைவி.

கோயம்புத்தூர் உணவுக் கண்காட்சியில் ஸ்டால் பிடித்திருந்தோம். ஹோட்டல்காரர்கள் வருவார்கள், ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் வாடகை வீட்டுச் சமையலறையிலிருந்து தொழிலை வெளியே கொண்டுபோகலாம் என்று அவளுக்கு ஆசை. முந்தின நாள் சாயங்காலம் கோயம்புத்தூரிலேயே ரூம் எடுத்து மாவரைப்பதாகத் திட்டம். கிரைண்டரும் வேனில் இருந்தது.

கெடுத்தவன் நான். "அவ்ளோ தூரம் போறோம், ஊட்டிப் பக்கம் மீன் பிடிக்க விடுற ஏரி இருக்காம்மா. சுத்திப் பாத்துட்டு மதியம் எறங்கிடலாம்" என்றேன். தாம்பரம் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். மலை ஏரி என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

ஏரி அழகுதான், பொய் சொல்லக் கூடாது. அவளும் முதலில் சந்தோஷமாகத்தான் போட்டோ எடுத்தாள். மீன்தான் கடிக்கவில்லை.

"என்னங்க, கெளம்பலாமா?"

"இதோ, இன்னும் ஒரே ஒரு தடவை."

அந்த ஒரே ஒரு தடவையில் மதியம் போனது. உள்ளங்கை அளவு மீன் ஒன்று சிக்கியபோது பனி இறங்கிவிட்டது. பாதை தெரியவில்லை. மலையிலேயே ரூம் எடுத்தோம், அங்கேயே அரைத்தோம்.

"இந்தக் குளிர்ல மாவு பொங்காதுங்க."

"நம்ம ஊர்ல மூடியத் தள்ளிக்கிட்டு வருதே! இங்க புளிக்காம அளவா இருக்கும், நீ வேணா பாரு."

சென்னைக்காரன் அறிவு அவ்வளவுதான். மாவு அதிகமாகப் புளித்துவிடும் என்பதைத் தவிர வேறு பயமே எனக்குத் தெரியாது. அவள் தன் சால்வையை எடுத்து மாவு டிரம்மைச் சுற்றிக் கட்டிவிட்டுக் குளிரோடு படுத்தாள்.

காலையில் மாவு வைத்த அளவிலேயே இருந்தது. அதோடுதான் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். ஸ்டாலில் முதல் ஈடு இட்லியைப் பிட்டபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடைக்கு ஓடிச் சோடா உப்பு வாங்கி வந்ததும், கலக்கியதும் நான்தான். பாவி. இட்லி பூவாக வந்தது.

ஒரு ஹோட்டல்காரர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாக்கெட்டைப் பார்த்தார். "நெஜமாவே சோடா இல்லையாம்மா?"

என்னை ஒரு தரம் பார்த்தாள். "இல்ல சார்" என்றாள்.

ஆர்டர் கிடைத்தது.

அந்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவிட்டவள் இல்லை. "வாம்மா" என்றேன். "நீங்க போங்க. பொய் சொன்ன வாயோட நான் வரல" என்றாள். நான் மட்டும் எந்த முகத்தோடு போவேன்? எங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு மற்றவர்கள் போய் வந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் நின்று அந்த ஹோட்டல்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், அன்னைக்கு மாவுல சோடா இருந்துச்சு. மாவு பொங்கல, எப்படிப் பாத்தாலும் என் தப்புதான் சார்."

ஏரியைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"வாங்க, அரிசி ஊறப்போடணும்" என்றாள்.