இரண்டு மருந்து

அண்ணையின் பட்டறையில் எல்லாமே 'மருந்து'தான். பைபர் படகின் வெடிப்பை அடைக்க ரெசின் என்ற பிசின் வேண்டும். அந்தப் பிசினை இறுக வைக்க இரண்டு திரவங்கள் வேண்டும். ஊதா நிறமான கோபால்ட், ஊதா மருந்து. தண்ணீர் மாதிரி இருப்பது வெள்ளை மருந்து. முதலில் ஊதாவைப் பிசினுக்குள் விட்டுக் கிண்டுவார். அது நன்றாகக் கலந்த பிறகுதான் வெள்ளையைத் துளித்துளியாக விடுவார். ஏன் அப்படி என்று அவருக்குத் தெரியாது. வேலை பழக்கியவர் அப்படித்தான் செய்தாராம்.

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெள்ளை மருந்து ஒரு பரவொட்சைட்டு, ஆங்கிலத்தில் பெரொக்சைட். தானாக உடைய அது சோம்பல்படும். கோபால்ட் அயன்தான் அதை உடைத்துச் சுயாதீன மூலிகங்களாக்குவது. சோடியில்லாத ஒற்றை இலத்திரனோடு அலையும் அவை, பிசின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போகும். அயன் இல்லாவிட்டால் நாட்கணக்காக இழுபடும் வேலை அரை மணித்தியாலத்தில் முடியும். கரும்பலகையில் இதை மூன்று வரியில் எழுதிவிடுவேன்.

நான் இவ்வளவு படித்தது அண்ணை படிப்பை விட்டதால். அப்பா கடலுக்குப் போகமுடியாமல் படுத்தபோது இருவரில் ஒருவர் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அவர் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன மாரியில் விடாத மழை. ஈரத்திலும் குளிரிலும் பிசின் இறுகவில்லை. இறால் பருவம் தொடங்கிவிட்டதென்று படகுக்காரர் பட்டறை வாசலிலேயே நின்றார். ஞாயிறு பூசை முடிந்து நான் அங்கே போனபோது அண்ணை கேட்டார்.

“பிள்ளை, உது கெதியா இறுகிறதுக்கு ஏதும் வழி இருக்கோ?”

நான் குடையைக்கூட மடக்கவில்லை. “ரெண்டு மருந்தும் சந்திச்சால்தான் அண்ணை வேலையே தொடங்கும். ரெண்டையும் முதலே ஒண்டாக் கலந்துபோட்டுப் பிசினுக்கை விடுங்கோ.”

“முதல் ஊதா, பிறகு வெள்ளை எண்டெல்லோ வேலை பழக்கினவர் சொல்லித் தந்தவர்?”

“அது சும்மா பழக்கம்.”

இரண்டு மருந்துக்கும் நடுவில் அந்தப் பிசின்தான் கடிவாளம் என்பதை நான் யோசிக்கவில்லை. நேருக்கு நேர் சந்தித்தால் வெள்ளை மருந்து முழுவதும் ஒரேயடியாக உடையும். தாக்க வீதத்தைக் கூட்டுவது பற்றி வருடா வருடம் கதைப்பவளுக்கு, அந்த வேகம் எங்கே போய் முட்டும் என்பது உறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் காலை வகுப்பில் நிற்கும்போது போன் வந்தது. இரண்டு மருந்தையும் ஒன்றாக விட்ட கோப்பை சீறி வெடித்து அண்ணையின் முகத்தில் அடித்திருந்தது. இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எல்லோரிடமும், “நான்தான் அவசரப்பட்டுக் கலந்துபோட்டன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலருகே நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஏழு மாதம் திறக்கவில்லை. அது கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

போன கிழமை, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிய ஒரு பின்னேரம், பட்டறைக்குப் போனேன். அண்ணை மறுபடி வேலை தொடங்கியிருந்தார். ஊதாவை விட்டுப் பிசினைக் கிண்டிக்கொண்டிருந்தார். உட்காரவும் மனமில்லாமல் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் சொன்னதுதான் பிழை. என்னாலைதான் உங்கடை கண்...”

“தெரியும்.” கிண்டுவதை அவர் நிறுத்தவில்லை. “டொக்டர் கேட்டவர், ஆர் உப்பிடிக் கலக்கச் சொன்னது எண்டு. ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன். நீ படிப்பிக்கிறவள். பிள்ளையள் உன்னை நம்பவேணும்.”

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அழுதேன்.

அவர் வெள்ளை மருந்துப் போத்தலை எடுத்துக் கோப்பையின் மேல் சரித்தார். முதல் துளி வெளியே மேசையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. போத்தலை என் பக்கம் நீட்டினார்.

“ஊதா நல்லாக் கலந்திட்டுது. இப்ப விடலாமோ, பிள்ளை?”

அதில் கேலியில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார்.

போத்தலை வாங்கினேன். கோப்பைக்குள் குனிந்து பார்த்தேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை,” என்றேன். “இன்னும் ஒருக்காக் கிண்டுங்கோ.”