வெந்நீர் வாளி

செய்யூர்ப் பக்கத்தில் மாமியார் கையால் வெந்நீர் வாங்கிக் குளிக்கிற மருமகள் திவ்யா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கொடுத்து வைத்தவள் என்று தெருவே பேசும். அந்த வெந்நீரைக் கண்டுதான் இப்போது அவள் பயந்துகொண்டிருந்தாள்.

கடப்பாக்கம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் அவளுக்கு அறை துடைக்கிற வேலை. போன முறை அவள் முழுகாமல் இருந்தபோது, "கண்டவங்க படுத்து எய்ந்த எடத்துல வேலை செஞ்சிட்டு வர்ற, பூச்சி தொத்திக்கும்மே" என்று மாமியார் சின்னப்பொண்ணு தினமும் சாயங்காலம் வெந்நீரில் ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றி வைத்தாள். திவ்யாவும் அந்தத் தண்ணீரால் பிறப்புறுப்பை உள்ளேயும் வெளியேயும் பளிச்சென்று கழுவினாள். ஆறாம் மாசம் பனிக்குடம் உடைந்து பிள்ளை போய்விட்டது.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாசம், மறுபடியும் அதே மருந்து வெந்நீர். வெள்ளைப்படுதல், மீன் கவிச்சு போல ஒரு வாடை. செங்கல்பட்டு டாக்டர் ஜெசிந்தா முதலில் தொற்றுக்கு மாத்திரை கொடுத்தார். அது முடிந்ததும், பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ள ஒரு காப்ஸ்யூல் எழுதினார்.

"இதுல உயிரோட கிருமி இருக்கும்மா. பயப்படாதே, நல்ல கிருமி. தயிரை உறைய வைக்கிறதுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. அதுங்க புளிப்பை உண்டாக்கும், அந்தப் புளிப்புல கெட்டது தலையெடுக்காது. நீ மருந்துத் தண்ணி ஊத்தி ஊத்தி காவலுக்கு இருந்ததையும் சேர்த்துக் கொன்னுட்டே."

"அதாலதான் போன கொயந்த..."

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. இதை வெச்சா எல்லாம் சரியாயிடும்னு சத்தியமும் பண்ண மாட்டேன். ஆனா அந்தக் கழுவலை இன்னிக்கே நிறுத்து. இதை ஃப்ரிட்ஜ்ல வை."

நிறுத்து என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். பாசமாக நீட்டுகிற வாளியை எந்த வாயால் வேண்டாம் என்பது? காரணம் கேட்டால் என்ன சொல்வது? காப்ஸ்யூல் டப்பாவை ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வெந்நீரைச் சத்தமில்லாமல் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் குளித்தாள். ஆறாம் மாசம் நெருங்க நெருங்கத் தூக்கம் போயிற்று. துணியில் துளி ஈரம் பட்டாலும் பனிக்குடம்தானோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

ஒரு நாள் குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னப்பொண்ணே வந்துவிட்டாள்.

"வயித்த வெச்சிகினு எப்டி குனிவ? உக்காரு, நானே ஊத்தறேன்."

சொம்பில் மொண்டும் விட்டாள். மருந்து வாடை குப்பென்று அடித்தது.

"ஊத்தாதீங்கத்தே!"

கத்திய கத்தலில் சொம்பு கீழே விழுந்தது. அப்புறம் எதை மறைக்க? டாக்டர் சொன்னது, ஃப்ரிட்ஜில் இருக்கிற உயிருள்ள நல்ல கிருமி என்று தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் திவ்யா.

சின்னப்பொண்ணு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ என் பேரப்புள்ளைய நான்தான் வாரிக் குடுத்தேனா?"

"டாக்டரு அப்டி சொல்லலத்தே. தெரியாதுன்னுதான் சொன்னாங்க."

சின்னப்பொண்ணு எழுந்துபோய்க் கிருமிநாசினி பாட்டிலைக் கழிப்பறையில் கவிழ்த்தாள். ராத்திரி சோறும் தின்னவில்லை. பாவி மனுஷி, நல்லது என்று நினைத்துத்தானே செய்தாள்! இவளிடம் சொல்லியிருக்கவே கூடாதோ என்று திவ்யா தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. குளியலறையில் மருந்து கலக்காத வெறும் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. திவ்யா பதறிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பாவைக் காணோம்.

"அத்தே! இங்க இருந்த டப்பா எங்க?"

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "கத்தாதமே. இங்க கீது."

சின்னப்பொண்ணு ஐஸ் போட்ட தூக்குச்சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன்காரியிடம் கெஞ்சி வாங்கிய ஐஸாம். டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றி அதற்குள் இறக்கியிருந்தாள்.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு. இதுங்களையும் நான் சாவ விடுவனா?"