ஹலீமாவின் இடது கால்

விரல் இடுக்குகளில் ஈரம் தங்கக்கூடாது. பழைய வேட்டித் துணியை மடித்து, இடது கால் விரல்களுக்கு நடுவே ஒற்றி ஒற்றி எடுக்கிறாள் ஹலீமா. பிறகு தேங்காய் எண்ணெய். பிறகு பாதத்திலிருந்து தொடை வரை கட்டுத்துணி. கீழே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. முக்கால் மணி நேரம் ஆகும். அதன் பின்தான் மன்னார்குடிக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள அந்த வீட்டில் இடியாப்ப அடுப்பு எரியும்.

"யானைக்காலா?" என்று கேட்பவர்களை அவள் லேசில் விடுவதில்லை. "கொசு கடிச்சு வந்ததில்லங்க. கர்ப்பப்பையில புத்து. தஞ்சாவூர்ல ஆபரேசன் பண்ணி அடிவயித்து நெறிக்கட்டியெல்லாம் எடுத்துட்டாங்க. கால்ல ஊறுற நீருக்குப் போக வழியில்ல. வடிகால் அடைச்ச வயல் மாதிரி நிக்குது."

மாதம் ஒருமுறை காலை அளந்து பார்க்கும் கயல்விழி, ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருபவள். "நெடுநேரம் நிக்காதீங்கம்மா. எடை ஏறக்கூடாது. சின்னக் கீறல்னாலும் மருந்து போடுங்க. காய்ச்சல் வந்தா அன்னிக்கே வந்துடுங்க." ஹலீமா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஆனால் உட்கார்ந்துகொண்டு இடியாப்பம் பிழிய அவளுக்கு வராது.

போன ஆவணியில் நகம் வெட்டும்போது ஒரு கீறல். மறுநாளே குளிர்காய்ச்சல், கால் தணலாய்ச் சிவந்தது. கல்யாண வீடொன்றுக்கு ஐந்நூறு இடியாப்பம் ஒப்புக்கொண்டிருந்தாள். நின்று பிழிந்து கொடுத்துவிட்டு மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் இறங்கியது. கணுக்காலோடு நின்றிருந்த வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. "ஒவ்வொரு காய்ச்சலும் கொஞ்சத்த விட்டுட்டுத்தாம்மா போகும்," என்றாள் கயல்விழி.

மகன் ஃபஹத் கத்தாருக்குப் போய் மூன்று வருஷம். கடிகாரம் பார்க்கும்போதெல்லாம் அவள் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்வாள். "இப்பத்தான் எந்திரிச்சிருப்பான்." வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மாவு பிசைகிற கை நின்றுவிடும்.

அதற்கு முன்னால், ஆபரேஷனின்போது, அவன் துபாய் வேலையை உதறிவிட்டு ஓடிவந்தவன். அதற்கப்புறம் மூன்று வருஷம் வேலை அமையவில்லை. தெருவில் இறங்கவே கூசிக்கொண்டு அவள் கட்டிலடியில் கிடந்தான். அந்த முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடியோவில் கூப்பிட்டான். "உம்மா, காண்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்க. கால் எப்படி இருக்கு? வீக்கம் ஏறியிருந்தா சொல்லுங்க, வந்துடுறேன்."

வந்துடுறேன். அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வத்திப்போச்சுப்பா."

"நெசமா? காட்டுங்க பாப்போம்."

சேலைத் தலைப்பை இழுத்து இடது காலை நன்றாக மூடினாள். பிறகு வலது காலைத் தூக்கி போனுக்கு முன்னால் நீட்டினாள்.