நீலப் போட்டு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பெருமை தலைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது. சைதாப்பேட்டையில் காயலான் கடை ஒன்றில் வேலை செய்த மாமா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நொச்சிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சிக்கான வேலையில் இருந்தேன். படங்களை நகரவைக்கும் மென்பொருள் அது. கட்டளைக் கட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டினால் படம் நாம் சொன்னபடி நகரும். கரையிலிருந்து கிளம்பும் படகு, சிறுத்துக்கொண்டே போய்க் கடல் முடியும் இடத்தில் மறைய வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய போட்டைப் போலவே நீல உடம்பும் சிவப்புக் கோடும் வரைந்திருந்தேன்.

விடியுமுன் கடலுக்குப் போன நைனா மதியமாகியும் வரவில்லை. கூடப் போன போட்டுகள் எல்லாம் கரையேறிவிட்டன. கரையில் நின்று பார்த்துவிட்டு, வெறும் மீன்கூடையோடு அம்மா உள்ளே வந்தபோது, திரையில் போட்டு மறைந்துகொண்டிருந்தது.

"இன்னாடி இது, போய்க்கினே கீது? திரும்பி வராதா?"

"மிஸ் போற மாதிரிதான் கேட்டாங்க."

"உங்க மிஸ்ஸு கெடக்கட்டும். வர வை."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. எதிர்ப்பக்கமாக இன்னொரு போட்டை விட்டால் போதும் என்று நினைத்து, போட்டின் மீது வலது பொத்தானை அழுத்தினேன். மெனு மெதுவாக விரிந்தது. மேலே 'நகலெடு', கீழே 'அழி'. அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. என் விரல் நழுவியது. கடல் காலியானது.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"எங்கடி நைனா போட்டு?"

"இரும்மா, ஆடாத."

கடைசியாக அழித்ததை மட்டுமே மீட்க முடியும். 'கோப்பு' மெனுவைத் திறந்தேன். 'புதியது' என்றிருந்தது, அதைத் தொட்டால் கடலும் போய்விடும். மூடினேன். அடுத்து 'தொகு'. அதற்குள் 'மீட்டெடு'. அழுத்தினேன். பழைய பெட்டி உறுமிக்கொண்டே யோசித்தது.

நீலப் போட்டு வந்து உட்கார்ந்தது.

மறுபடியும் நகலெடுக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் போவாத! இன்னாத்துக்கு ரெண்டு? நம்மளுது ஒண்ணுதான். அதையே திருப்பு."

திருப்பினேன். போட்டு வளர்ந்துகொண்டே கரைக்கு வந்தது. "இன்னொரு தபா" என்றாள். அப்புறம் இன்னொரு தபா. சோறு கேட்டேன், காதில் விழவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். "யக்கா! இஞ்சின் மக்கர் பண்ணிச்சாம்! உன் ஊட்டுக்காரரு போட்டைக் கட்டி இஸ்துகினு வராங்க!"

திரையில் போட்டு பாதிக் கடலில் இருந்தது. அது கரை சேரும்வரை நின்றுவிட்டுத்தான் அம்மா ஓடினாள்.

திங்கட்கிழமை மிஸ், "போறது மட்டும்தானே கேட்டேன், ஏன் திரும்பி வருது?" என்றார்.

"எங்கம்மா பண்ண வேலை மிஸ். படிக்காதவங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்று உதட்டைப் பிதுக்கினேன்.

நைனா தாமதமாக வந்ததைப் பற்றி நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.